நாலு பேர் வந்தால்

மஞ்சணத்தூர் மடத்தில் குரு இளையவர், சீடர் மூத்தவர். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நேராகச் சீடர் காலில்தான் விழுவார்கள். சீடரான ஆண்டியப்பன் பதறிப்போய்ப் பின்னால் குதிப்பார்.

"நான் இல்லய்யா, நான் இல்ல. அங்க வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டு இருக்காங்களே, அவங்க."

குருவின் பெயர் குழல்வாய்மொழி. ஊரில் மொழியம்மை என்பார்கள். முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான் இருக்கும். ஆண்டியப்பன் பாதி ஆயுளைச் சந்தை சந்தையாக மிளகாய் வத்தல் விற்றுக் கழித்துவிட்டு, மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மடத்துக்கு வந்தவர். குரு அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். அவர் குருவை அம்மை என்பார். அந்த முறை இருவருக்குமே வசதியாக இருந்தது.

புரட்டாசி முடியப்போகிற ஒரு மத்தியானம். காற்று அசையவில்லை. உடம்பெல்லாம் கசகசவென்று ஒட்டியது. ஆண்டியப்பன் மலைச் சுனையிலிருந்து செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து குருவின் முன்னால் வைத்தார். வைத்த கையோடு தரையில் உட்கார்ந்து, துண்டால் விசிறிக்கொண்டார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"அம்மை, ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணாச்சி."

"இந்த ஊர்ல எல்லாருமே பொய்யங்கதானா?"

மொழியம்மை சிரித்தார். "யார் என்ன பொய் சொன்னா?"

விஷயம் குளத்தங்கரை. போன ஐப்பசி மழையில் மஞ்சணத்தூர்க் குளம் உடைப்பெடுத்தது. உடைந்த இடத்துக்கு நேர் கீழே இருப்பது ஆவுடையின் வீடு. ஆவுடை ஆண்டியப்பனுக்கு ஒரே மகள். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து, அவளும் புருஷனும் இரண்டு ஆடுகளும் பரணில் உட்கார்ந்து உயிர் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு உடைந்த இடத்தில் ஓலையையும் மண்ணையும் போட்டு அடைத்ததோடு சரி. கரை முழுக்கத் தேய்ந்து கிடக்கிறது. இப்போது ஆவுடை மாசமாக வேறு இருக்கிறாள். மழை வருவதற்குள் கரையை உயர்த்தியாக வேண்டும்.

அந்தக் கரைக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு ஒரு பங்கு. பங்குக்குப் பங்கு எல்லைக் கல் நட்டிருக்கும். அவரவர் பங்கில் அவரவர்தான் மண் போட வேண்டும். ஒரு வீட்டுப் பங்கில் அடுத்த வீட்டு மண் விழுந்தால், அந்த வீட்டில் கைகால் உள்ள ஆள் யாரும் இல்லை என்று அர்த்தம். பேரன் கல்யாணத்தில்கூட அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆண்டியப்பன் வீடு வீடாகப் போய்க் கேட்டிருந்தார். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "நாலு பேர் வந்தா நானும் வாரேன் அண்ணாச்சி." ஊர் மொத்தமும் சம்மதித்துவிட்டது என்று அவர் சந்தோஷத்தோடு தூங்கினார். மறுநாள் சுனைக்குப் போய்விட்டுக் கரைக்கு வந்து பார்த்தால் ஒரு ஈ காக்கை இல்லை.

"சாயங்காலம் போய்ச் சட்டையைப் பிடிச்சுக் கேக்கேன். ஒவ்வொருத்தனும் என்ன சொல்லுதான் தெரியுமா? 'நான் வந்தேன் அண்ணாச்சி, ஒருத்தரையும் காணோம், திரும்பிட்டேன்' அப்படிங்கான். எல்லாரும் வந்தாங்களாம், எல்லாருமே யாரையும் காணலியாம்! நான் என்ன நேத்துப் பொறந்தவனா?"

குரு செம்பைப் பார்த்தார். ஆண்டியப்பனும் பார்த்தார். செம்பின் வெளிப்பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது.

"அடடா, ஒழுகுது போலிருக்கே" என்று ஆண்டியப்பன் செம்பைத் தூக்கி அடியைத் தடவினார்.

"துடைச்சுட்டுப் பாருங்க."

துண்டால் அழுத்தித் துடைத்தார். செம்பு பளபளவென்று காய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கழுத்துக்குக் கீழே இருந்த ஒரு கீறலில் புள்ளி புள்ளியாக ஈரம் பூத்தது. பிறகு செம்பு முழுக்கப் பரவியது.

"உள்ள இருக்கிற தண்ணி குறைஞ்சுதா?"

"இல்ல. தளும்பத் தளும்ப அப்படியேதான் இருக்கு."

"அப்ப வெளியில இருக்கிற தண்ணி எங்கேயிருந்து வந்தது?"

ஆண்டியப்பன் மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"துண்டால விசிறிக்கிட்டு இருக்கீயளே, அந்தக் காத்துல இருந்துதான்" என்றார் குரு.

"இந்தப் புழுக்கத்துலயா? இதுல இம்புட்டுத் தண்ணி இருக்கா?"

"இவ்வளவு நேரம் உங்களைச் சுத்தித்தான் இருந்தது. நீங்க காத்தைப் பொய்யன்னு சொல்லலியே."

"பின்ன ஏன் கண்ணுல படல?"

"உக்கார இடம் கிடைக்கல, அண்ணாச்சி."

ஆண்டியப்பன் எழுந்து நேராகக் கரைக்குப் போனார். அந்தக் கரை வளைந்து வளைந்து போகும். நடுவில் பனையும் நொச்சிப் புதரும் மண்டிக் கிடக்கும். ஒரு பங்கில் நிற்கிறவருக்கு அடுத்த பங்கில் ஆள் இருப்பது தெரியாது. முதல் கல்லைத் தாண்டியதும் அவர் நின்றுவிட்டார். தேய்ந்த கரைமேல் ஒரே ஒரு கூடைப் புது மண் கிடந்தது. அடுத்த பங்கிலும் ஒரு கூடை. அதற்கடுத்த பங்கிலும். கடைசிக் கல் வரை நடந்து பார்த்தார். ஆளுக்கொரு கூடை மண் கொட்டிவிட்டு, இடமும் வலமும் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு நேரத்தில் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

"பாவிகளா, நிசமாவே வந்திருக்கீயளே" என்று அவர் மண்ணிடம் சொன்னார்.

உட்கார இடம்தானே வேண்டும்? இரண்டு நாள் யோசித்து ஒரு திட்டம் போட்டார். ஊரில் கொஞ்சம் துடியான ஆட்களாகப் பார்த்து எட்டுப் பேரைப் பிடித்தார். வத்தல் வியாபாரி அல்லவா? சரக்கைக் குவித்து வைத்தால் யார் கண்ணிலும் படாது, பரப்பித்தான் போட வேண்டும் என்பது அவர் சந்தையில் கற்ற பாடம். எட்டுப் பேரையும் அவரவர் பங்கில் நிறுத்திக் கரை நெடுகப் பரப்பினார். எந்தப் பக்கம் வருகிறவனுக்கும் ஒரு ஆள் கண்ணில் பட வேண்டும், பார்த்தவன் தன் பங்கில் இறங்க வேண்டும். இதுதான் கணக்கு.

வெயில் ஏறுவதற்குள் கணக்கு கலைந்துவிட்டது. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போன ஒருவர் திரும்பவில்லை. இன்னொருவரைப் பார்த்து, போகிற வருகிற பெண்கள், "என்ன மாமா, தனியா மண்ணோட பேசிக்கிட்டு இருக்கீய?" என்று கேலி செய்தார்கள். அவர் மண்வெட்டியைப் புதரில் ஒளித்துவிட்டு நடையைக் கட்டினார். எட்டுப் பேரில் குருவம்மாள் மட்டும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தாள். கணவனை இழந்தவள், ஊரில் வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள். கடைசியில் அவளும் கூடையைக் கவிழ்த்துவிட்டு ஆண்டியப்பனிடம் வந்தாள்.

"அண்ணே, எனக்கு வேலை செய்யப் பயமில்ல. பேச ஆள் இல்லாம வேலை செய்யத்தான் பயமா இருக்கு."

ஆண்டியப்பன் மடத்துக்கு வந்தபோது மொழியம்மை முற்றத்துக்கு வெளியே பாறையில் உளுந்து காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உக்கார எட்டு இடம் செஞ்சு குடுத்தேன். எட்டும் காலி" என்றார் ஆண்டியப்பன். "மேற்கால மேகம் கறுத்துக்கிட்டு வருது. என் மகளை மடத்துக்கு வாடின்னா, 'வீட்டைப் போட்டுட்டு எங்கயும் வர மாட்டேன்'னு நிக்கா. நான் என்னதான் செய்ய?"

குருவின் பக்கத்தில் ஒரு தோண்டியில் தண்ணீர் இருந்தது. ஒரு கை அள்ளி, பாறைமேல் விசிறித் தெளித்தார். பாறை சுட்டுக்கொண்டிருந்தது. துளிகள் விழுந்த இடமெல்லாம் கறுத்தது. ஆண்டியப்பன் என்ன ஏது என்று கேட்க வாய் திறப்பதற்குள் ஒரு துளி மிச்சமில்லை.

குரு இன்னொரு கை அள்ளினார். அதே அளவுதான். இந்த முறை தெளிக்காமல் ஒரே இடத்தில் ஊற்றினார். ஒரு தட்டு அளவுக்குத் தேங்கி நின்றது.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். உளுந்துக்கு வந்த காக்கையைக் குரு ஒரு கையால் விரட்டினார். தண்ணீர் அப்படியேதான் நின்றது.

"காயுது" என்றார் ஆண்டியப்பன்.

"எங்க?"

"ஓரத்துல. ஓரம் மட்டும் உள்ள வாங்குது."

"நடு?"

"நடுவுல ஒண்ணும் ஆகல. அதைச் சுத்தி நாலு பக்கமும் தண்ணிதானே இருக்கு."

"முதல்ல தெளிச்சேனே, அந்தத் துளியில நடு எது?"

ஆண்டியப்பன் யோசித்தார். "அதுல ஏது நடு? மொத்தமும் ஓரம்தானே."

குரு உளுந்தைக் கிளறினார். ஆண்டியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு பாறையிலேயே உட்கார்ந்தார். பாறை சுட்டதும் துள்ளி எழுந்தார்.

"எட்டுப் பேரும் ஒரே பங்குல நிக்கணும்! ஆனா, அம்மை... யார் பங்குல? ஊரான் மண்ணை எவன் தன் பங்குல விழ விடுவான்? மானம் போச்சுன்னு குதிப்பானே!"

"மானத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? எனக்கு வீடும் இல்ல, பங்கும் இல்ல. பங்கு உள்ளவங்ககிட்ட கேளுங்க."

அன்று சாயங்காலம் ஆண்டியப்பன் மகள் வீட்டுக்குப் போனார். ஆவுடை வாசலில் அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். மருமகன் சங்கிலிபூதம் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தான். ஆண்டியப்பன் சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

சுள்ளி படாரென்று ஒடிந்தது.

"என்னப்பா சொல்லுதிய? என் வீட்டுப் பங்குல ஊரெல்லாம் சேர்ந்து மண் போடணுமா? பூதம் மாதிரி ஒரு புருஷனை வச்சுக்கிட்டு நான் பிச்சை மண் வாங்கணுமா?"

"பேருதான் பூதம்" என்றான் சங்கிலிபூதம் மெதுவாக.

"நீங்க சும்மா கிடங்க. பிறக்கப்போற பிள்ளையை நாளைக்கு ஊர்ல என்னன்னு கூப்பிடுவான்? ஓசிக்கரைப் பிள்ளைன்னு கூப்பிடுவான்!"

"கூப்பிடுதவன் வாயை நான் மூட முடியாது ஆவுடை. ஆனா பிள்ளை பிறக்கணும்லா? போன வருஷம் பரண் ஏறின. இந்த வருஷம் உன்னால ஏற முடியுமா?" என்றார் ஆண்டியப்பன்.

ஆவுடை வயிற்றில் கை வைத்துக்கொண்டு கரையைப் பார்த்தாள். பிறகு உடைந்த சுள்ளிகளைச் சேர்த்துக் கட்டினாள்.

"வரட்டும். ஆனா கரைமேல அடுப்பு மூட்டி, வந்தவங்களுக்குக் கஞ்சியும் துவையலும் நான் போடுவேன். என் வீட்டு விருந்துக்கு வந்தவங்க சும்மா இருக்க மாட்டாம ரெண்டு கூடை மண் போட்டாங்க. அவ்வளவுதான். யாராவது உதவின்னு வாயைத் திறந்தா அகப்பை பறக்கும்."

விடிந்ததும் ஆவுடையின் பங்கில் அடுப்பு புகைந்தது. சங்கிலிபூதம் மண்ணை வெட்டினான், ஆண்டியப்பன் சுமந்தார். சொல்லிவைத்த எட்டுப் பேரில் நாலு பேர் வந்தார்கள். குருவம்மாள் வரும்போதே துவையல் என்ன துவையல் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். ஆனாலும் வேலை சூடு பிடிக்கவில்லை. ஒருவர், "மாட்டுக்குத் தண்ணி காட்டல, ஓடிப்போய்க் காட்டிட்டு வாரேன்" என்று போனார். இன்னொருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊர்ப்பக்கம் பார்த்தார். அவர் பார்த்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரும் துண்டைத் தேடினார். ஆண்டியப்பனுக்கு ஊருக்குள் ஓடிப்போய் இன்னும் நாலு பேரைக் கையைப் பிடித்து இழுத்து வரலாமா என்று தோன்றியது. துண்டை எடுத்து உதறிவிட்டார். ஓரடியும் வைத்துவிட்டார். பிறகு, நான் போனால் இங்கே ஒரு ஆள் குறையுமே என்று துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு மறுபடி கூடையை ஏந்தினார்.

குருவம்மாளும் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். "போகலாம்னுதான் பாக்கேன். ஆனா போன பெறகு நீங்க என்னைப் பத்திப் பேசுவீய. அதுக்கு நான் இருந்து கேட்டுட்டே போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். துண்டு தேடியவர் தேடுவதை விட்டுவிட்டு, "இல்லாட்டியும் உன்னைப் பத்திப் பேச நாள் பத்தாதே" என்றார். அடுப்பில் துவையலுக்கு வறுத்த மிளகாய் நெடி எழும்பி ஆளாளுக்குத் தும்மினார்கள். கரைக்குக் கீழே ஏர்மாடு ஓட்டிக்கொண்டு போன வெள்ளக்கண்ணு, சிரிப்பும் தும்மலும் கேட்டு நின்றான்.

"என்ன விசேஷம்?"

"விருந்து" என்றாள் ஆவுடை. "ஏறி வாங்க."

அவன் மாட்டை மரத்தில் கட்டிவிட்டு மேலே வந்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவரும் தன் தம்பியோடு திரும்பி வந்தார். அதன்பிறகு யாரும் ஊர்ப்பக்கம் பார்க்கவில்லை. கூடை கைக்குக் கை மாறியது. கஞ்சி குடித்து முடித்தபோது ஆவுடை பங்கு ஓர் ஆள் உயரம் நின்றது.

அந்த வேகத்தில் குருவம்மாள் கொட்டிய ஒரு கூடை மண் எல்லைக் கல்லைத் தாண்டிப் பக்கத்துப் பங்கில் விழுந்தது. தெரியாமல் விழுந்ததா, தெரிந்தே விழுந்ததா என்பதை அவள் கடைசி வரை சொல்லவில்லை. ஆனால், "ஐயய்யோ, பிச்சாண்டி அண்ணன் பங்குல மண் போட்டுட்டேனே!" என்று அவள் கத்தியது ஊர் முழுக்கக் கேட்டது.

பிச்சாண்டி சோற்றுக் கையோடு ஓடி வந்தார். ஊரிலேயே முன்கோபக்காரர்.

"எவன்டா என் பங்குல மண் போட்டது?"

"நான்தான். புண்ணியம்னு வச்சுக்கிடுங்க அண்ணே."

"உன் புண்ணியத்தைக் கொண்டுபோய் உடைப்புல போடு! என் வீட்டுல மூணு தடியனுங்க இருக்கானுவ. ஏலேய், மண்வெட்டியை எடுத்துக்கிட்டு வாங்கல!"

மூன்று மகன்களும் வந்தார்கள். பிச்சாண்டி கையைக் கழுவக்கூட இல்லை, வெட்ட ஆரம்பித்துவிட்டார். ஆவுடை பங்கிலிருந்த கூட்டம் அவருக்கு அடுத்த கல்லை நோக்கி நகர்ந்தது. அந்தப் பங்குக்காரர் தூரத்திலேயே பார்த்துவிட்டுப் பெண்டாட்டியோடும் மாமியாரோடும் ஓடிவந்தார். "வராதீங்க, வராதீங்க, நாங்களே போட்டுக்கிடுவோம்!" ஆவுடை பங்குக்கு மறுபக்கத்து வீட்டாருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. கூட்டம் ஒரு கல்லைத் தாண்டினால் அடுத்த கல்லுக்குரிய வீட்டில் கூடை தேடும் சத்தம் கேட்டது. வந்தவர்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டு, அந்தக் கோபத்திலேயே அடுத்தவர் கல்லைத் தாண்டிக் கொட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் கரையின் இரண்டு கோடி வரைக்கும் ஆட்கள். பனையையும் புதரையும் மீறி ஒருவரையொருவர் ஏசுகிற சத்தம் திருவிழா மாதிரி இருந்தது.

ஐப்பசி பிறந்து மழை கொட்டித் தீர்த்தது. குளம் நிரம்பி அலையடித்தது. ஆவுடை வீட்டு அடுப்பில் ஒரு சொட்டு ஈரம் படவில்லை. மழை விட்டதும் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

குளம் நிரம்பினால் கரையடிச் சாஸ்தாவுக்குப் பொங்கல் வைப்பார்கள். அந்த வருஷம் யாரால் நல்லது நடந்ததோ, அவர் தலையில் முதல் பரிவட்டம் கட்டுவார்கள். இங்கேதான் வினை வந்தது. தான் வந்த பிறகுதான் கூட்டம் கலையாமல் நின்றது என்றான் வெள்ளக்கண்ணு. தான் கோபப்படாவிட்டால் மீதிக் கரை ஏது என்றார் பிச்சாண்டி. மண்ணை எல்லை தாண்டிக் கொட்டியது யாராம் என்று கேட்டாள் குருவம்மாள். பேச்சு தடித்து, மடத்தில் கேட்டு வரச் சொல்லி ஆண்டியப்பனை அனுப்பினார்கள்.

அவர் மூச்சிரைக்க வந்து குருவின் முன்னால் நின்றார்.

"அம்மை, எனக்கும் இது தெரிஞ்சாகணும். காலையில அஞ்சாறு பேர் நின்னோம். கலைஞ்சு போகிற மாதிரிதான் இருந்தது. திடீர்னு பார்த்தா கலைய மாட்டேங்குது. நடுவுல என்ன நடந்தது? யாரால நின்னது? யார் தலையில பரிவட்டம் கட்ட?"

மொழியம்மை கொஞ்சம் யோசித்தார்.

"போயிடலாம்னு துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு, அப்புறம் போகாம நின்ன ஆள் ஒருத்தர் அங்க இருந்திருப்பார். அவர் யாருன்னு பார்த்து, அவர் தலையில கட்டுங்க."

ஆண்டியப்பன் கண்ணை மூடி அந்தக் காலையை ஒவ்வொரு ஆளாக நினைத்துப் பார்த்தார். விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மை, அப்படிப் பார்த்தா அங்க இருந்த எல்லாருமே துண்டை உதறினவங்கதான். நானே ஓரடி எடுத்து வச்சேனே."

"அப்படின்னா பரிவட்டத்துக்குத் துணி நிறைய எடுக்கணுமே, அண்ணாச்சி" என்றார் குரு.